கரிசல் மனையில் தோட்டம்

கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் தோட்டம் போட நினைத்ததும் முதலில் கேட்பது, “எத்தனை லோடு செம்மண் அடிக்கணும்?” என்பதுதான். ஒரு லோடும் வேண்டாம். உங்கள் மனையில் கிடக்கும் கரிசலே போதும். அந்த மண்ணில் ஈரம் ஏறுவதையும் இறங்குவதையும் நிதானப்படுத்தக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மேடு கட்டுவது, குப்பை போடுவது, மூடாக்கு, மரத்துக்கு இடம் பார்ப்பது என்று இந்த அத்தியாயத்தில் வரும் அத்தனையும் அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

கரிசல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் வகைக் கனிமம் மிகுதி. மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்ட கனிமம் அது. தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும், நீர் போனால் சுருங்கும். பங்குனி, சித்திரையில் தரையில் விழும் வெடிப்புகள் சில இடங்களில் கை நுழையும் அகலத்துக்கு வரும். 3 அடிக்குக் கீழேயும் போகும். மழை தொடங்கியதும் நீர் அந்த வெடிப்புகள் வழியே நேராக ஆழத்துக்குப் போய்விடும். மண் ஊறி வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு, மணிக்கு ஒரு சில மில்லிமீட்டர் இறங்குவதே பெரிய விஷயம். அதனால்தான் ஐப்பசியில் ஒரு நாள் மழைக்கே முற்றம் குளமாகிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். கறுப்பாக இருப்பதால் கரிசலில் மக்கு நிறைய இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான கரிசல் நிலங்களில் அங்ககக் கரிமம் அரை சதவீதத்துக்கும் கீழேதான். சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் தாராளமாக இருக்கும். தழைச்சத்தும் துத்தநாகமும் குறையும். இரும்பு மண்ணில் இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. கார அமில நிலை வழக்கமாக 8-ஐ ஒட்டி நிற்கும். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள். எந்தச் செடியை வாங்கலாம், எதை நர்சரியிலேயே விட்டுவரலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

பதம்

கரிசலில் வேலை செய்கிறவருக்கு வருடத்தில் கிடைப்பது கொஞ்ச நாட்கள்தான். ஈரம் மிஞ்சினால் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு விடாது. காய்ந்துவிட்டால் கடப்பாரையே தெறிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பதம். சம்சாரிகள் காலால் மிதித்தே இதைச் சொல்லிவிடுவார்கள். புதிதாகப் பழகுகிறவர் இப்படிப் பார்க்கலாம்: 4 அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் இன்றே இறங்கலாம். உதிராமல் பளபளப்பாக அமுங்கினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். உருண்டையே பிடிபடவில்லை, கட்டிதான் வருகிறது என்றால் முதல் நாள் நனைத்துவிட்டு, மூன்றாம் நான்காம் நாள் திரும்ப வாருங்கள்.

ஈர மண்ணில் இறங்கிக் கிளறினால் வரும் சேதத்தை நான் பெரிதாகவே சொல்ல விரும்புகிறேன். மண்ணுக்குள் காற்றும் வேரும் போகும் நுண்துளைகள் மிதியில் நசுங்கிவிடும். காய்ந்ததும் அந்த இடம் பாளமாக இறுகும். ஒரு போகம் முழுக்க அங்கே வேர் இறங்கச் சிரமப்படும். வீடு கட்டும்போது டிப்பரும் கலவை இயந்திரமும் ஓடிய இடங்களில் ஏற்கெனவே இந்தச் சேதம் நடந்திருக்கும். மழைக்காலத்தில் ஆளை விட்டுத் தோட்டம் கொத்தச் சொல்லாதீர்கள். பாத்திக்குள் போக வேண்டிய கட்டாயம் வந்தால் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள். நடைபாதையை முதலிலேயே முடிவுசெய்து, பாத்தியை இரு பக்கமிருந்தும் கை எட்டும் அகலத்தில் அமைத்தால் பாத்திக்குள் மிதிக்கவே வேண்டியிருக்காது.

இதே காரணத்துக்காகக் கரிசலில் குழி வெட்டுவது, மேடு கட்டுவது எல்லாம் ஆவணி, புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். மானாவாரிக் கரிசலில் பருவமழைக்கு முன்னதாகவே விதைக்கும் வழக்கம் இருப்பதும், 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அதை வலியுறுத்தி வந்திருப்பதும் இதனால்தான். மழை விழுந்த பிறகு காட்டுக்குள் இறங்க முடியாது. வீட்டு மனைக்கும் அதே கணக்கு.

உங்கள் மனையைச் சோதித்தல்

இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். இரண்டுக்கும் செலவில்லை.

முதலாவது வடிகால் சோதனை. இதை மழை தொடங்கி மண் ஊறிய பிறகு செய்ய வேண்டும். கோடையில் செய்தால் வெடிப்புகள் நீரைக் குடித்துவிட்டு, உங்கள் மண் அருமையாக வடிகிறது என்று பொய் சொல்லும். ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி எடுத்து நீர் நிரப்பி இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி ஓர் அளவுகோலை நட்டு, ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 1 அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் பெரும்பாலான செடிகளை நேராக நடலாம். அரை அங்குலத்துக்கும் குறைந்தால் மேட்டுப்பாத்தி கட்டாயம். மனையில் மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். ஒரே மனையில் முன்பக்கம் ஒரு மாதிரி, பின்பக்கம் ஒரு மாதிரி இருப்பது சாதாரணம்.

இரண்டாவது கண்ணாடி டம்ளர் சோதனை. சுத்தமான மழைநீரை ஒரு டம்ளரில் எடுத்து, கொட்டைப்பாக்கு அளவு காய்ந்த மண்கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள். டம்ளரை அசைக்காதீர்கள். கட்டி உடைந்து சரிந்து, மேலே நீர் தெளிவாகவே நின்றால் கவலையில்லை. சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் பரவினால் மண்ணில் சோடியம் ஏறியிருக்கிறது என்று பொருள். உவர்ப்பான போர்வெல் தண்ணீரையோ, ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரையோ தொடர்ந்து ஊற்றிய இடங்களில் இப்படி ஆகும். சோடியம் ஏறிய களிமண் நனைந்ததும் துகள் துகளாகப் பிரிந்து துளைகளை அடைத்துவிடும். அங்கேதான் ஜிப்சம் வேலை செய்கிறது: சதுர மீட்டருக்கு அரைக் கிலோ தூவி மேல்மண்ணில் கலந்து, நல்ல தண்ணீர் விட்டு வடிய வைக்க வேண்டும். வடிய வழியில்லாத இடத்தில் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. வெளியேறிய சோடியம் அங்கேயே நிற்கும். நீர் கலங்காத மண்ணுக்கு ஜிப்சம் தேவையே இல்லை. களிமண் என்றாலே ஜிப்சம் மூட்டை வாங்கச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள்.

இவற்றோடு, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் ஒருமுறை மண்ணையும் போர்வெல் தண்ணீரையும் கொடுத்துப் பார்த்துவிட்டால் பிறகு உரத்தில் வீண் செலவு வராது.

மணலும் செம்மண்ணும்

களிமண்ணை இளக்க மணல் கலக்க வேண்டும் என்பது காதில் விழுந்தால் சரியாகத்தான் படும். கணக்குப் போட்டுப் பாருங்கள். களியின் குணம் மாற வேண்டுமானால் மொத்தக் கனத்தில் பாதிக்கு மேல் மணல் இருக்க வேண்டும். 100 சதுர அடிப் பாத்தியில் ஓரடி ஆழத்துக்கு இதைச் செய்ய அரை யூனிட்டுக்கு மேல் மணல் வேண்டும். 1,000 சதுர அடித் தோட்டத்துக்கு 5 யூனிட் தாண்டும். யாரும் அவ்வளவு போடுவதில்லை. ஐந்தாறு சட்டி எம்-சாண்ட் தூவிக் கொத்திவிடுகிறார்கள். அந்தக் கொஞ்ச மணலின் இடைவெளிகளைக் களி நிரப்பிக்கொள்ள, காய்ந்ததும் முன்பைவிடக் கெட்டியாகிறது.

செம்மண்ணை மேலே பரப்புவது வேறு வகைச் சிக்கல். ஓரடி செம்மண் நீரைச் சீக்கிரம் கீழே விடும். கீழே கரிசல் அதை வாங்காது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீர் தேங்கி, மேலே ஈரமே இல்லாததுபோல் தெரிந்தாலும் வேர் அழுகும். கண்மாயிலிருந்து எடுத்த கரம்பை நல்ல சத்து உள்ளது. செவக்காட்டுக்கு அது வரம். கரிசலுக்கு அதைக் கொண்டுவருவது களியின் மேல் களியைக் கொட்டுவதாகும்.

கரிசலை இளக்குவது மக்கிய குப்பைதான். முதல் ஆண்டில் பாத்தி முழுக்க 2 அங்குல உயரத்துக்கு மக்கிய தொழுவுரம் பரப்பி, பதத்தில் அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலக்குங்கள். 100 சதுர அடிக்குச் சுமார் 17 கன அடி பிடிக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து கொத்த வேண்டாம்; மேலே ஓர் அங்குலம் பரப்பினால் போதும். மண்புழுவும் வெடிப்புகளுமே அதை உள்ளே கொண்டுபோகும். ஆட்டுப் புழுக்கை இந்தப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் நல்ல உரம். ஆனால் அதில் சீமைக் கருவேல விதை வரும். ஆடு நெற்றைத் தின்று விதையைக் கேடில்லாமல் வெளியே தள்ளிவிடும். குவித்து நனைத்து மூன்று மாதமாவது மக்க விடுங்கள். குவியலில் முளைப்பதைப் பிடுங்கி எறிந்த பிறகே பாத்திக்குக் கொண்டுபோங்கள்.

தோட்டம் போடுவதற்கு முன் ஒரு புரட்டாசியை விட்டுக்கொடுக்க மனமிருந்தால், மனை முழுக்கத் தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதைத்துவிடுங்கள். 45 நாளில், பூ எடுக்கும் தறுவாயில் அறுத்து அங்கேயே போடுங்கள். அதன் வேர் இறங்கிய துளைகள் கடப்பாரையால் வராத ஆழத்தைத் திறந்து கொடுக்கும். பசுந்தாள் உரத்தை நான் எந்தக் கடை உரத்துக்கும் மேலாக வைப்பேன்.

வீட்டுச் சுவரும் மரமும்

இந்தப் பகுதியைத் தோட்டக்காரர்கள் தாண்டிப்போய்விடுகிறார்கள். கரிசல் மனையில் தோட்டம் போடுவது வீட்டின் அஸ்திவாரத்தையும் தொடும் காரியம். சுவரின் ஒரு பக்கம் தினமும் நனைந்து உப்பி, மறுபக்கம் காய்ந்து சுருங்கினால் சுவரில் மூலைவாக்கில் விரிசல் விழும். எனவே சுவரை ஒட்டிப் பூப்பாத்தி கட்டாதீர்கள். வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்குத் தளம் போட்டு வெளிப்பக்கம் சாய்வு கொடுங்கள். அதைத் தாண்டிய தரையும் முதல் 10 அடிக்கு 3 முதல் 6 அங்குலம் வரை சரிய வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயைச் சுவரடியில் விடக்கூடாது. மழைநீர் சேகரிப்புக்காக அஸ்திவாரத்தை ஒட்டி உறிஞ்சுகுழி வெட்டுவது கரிசலில் இரட்டைத் தவறு: களி உறிஞ்சாது, ஊறியது அஸ்திவாரத்தைத் தூக்கும். தொட்டி கட்டிச் சேமித்துக் கோடைக்கு வைத்துக்கொள்வதே இங்கே சரியான முறை. அந்த நீரில் உப்பும் இல்லை.

மரம் தன் வேரெட்டும் தூரமெல்லாம் மண்ணின் ஈரத்தை இழுக்கும். கரிசலில் அந்த இடமெல்லாம் சுருங்கி இறங்கும். முழு வளர்ச்சியில் மரம் எவ்வளவு உயரம் வருமோ, அவ்வளவு தூரம் சுவரிலிருந்து தள்ளி நடுவதுதான் பாதுகாப்பு. 3 சென்ட் மனையில் வேம்புக்கு இந்த இடம் கிடைக்காது என்பது மனதுக்குக் கஷ்டமான உண்மை. வேம்பையும் புங்கையையும் தெருவோரத்துக்கும் ஊர்ப் பொது இடத்துக்கும் கொடுங்கள். மனைக்குள் பவளமல்லி, நெல்லி, மாதுளை, கொடி வகைகள் போதும். ஏற்கெனவே வீட்டருகே நிற்கும் பெரிய மரத்தைப் பயந்து ஒரே நாளில் வெட்டவும் வேண்டாம். அது இதுவரை இழுத்துக்கொண்டிருந்த ஈரமெல்லாம் மண்ணிலேயே தங்கி, மண் உப்பித் தரையைத் தூக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கிளைகளைக் குறைத்துக்கொண்டே வருவது நல்லது.

நடும் முறை

மூன்றடிக் குழி வெட்டிச் செம்மண்ணும் மணலும் உரமும் நிரப்பி நடுவது தமிழ்நாடு முழுக்கப் பழகிப்போன முறை. கரிசலில் அந்தக் குழி ஓர் அண்டாவாகிவிடும். சுற்றிலும் இருக்கும் களி நீரை வெளியே விடாது. உள்ளே இருக்கும் வேர் இளமண்ணைத் தாண்டி வெளியே போகாது. இங்கே குழி ஆழமாக வேண்டாம், அகலமாக இருக்கட்டும். வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் ஆழம் போகாமல், அதன் மூன்று மடங்கு அகலத்துக்கு எடுங்கள். மண்வெட்டி பட்டு வழுவழுப்பான குழிச் சுவரைக் களைக்கொத்தியால் கீறிவிடுங்கள். எடுத்த மண்ணையே கட்டி உடைத்து, நாலில் ஒரு பங்கு மக்குரம் சேர்த்துத் திரும்ப நிரப்புங்கள். செடியின் கழுத்து தரைக்கு மேல் 2 அங்குலம் நிற்க வேண்டும். வடிகால் மோசமான இடத்தில் 9 அங்குல மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். முருங்கைக்கும் பப்பாளிக்கும் இந்த மேடு உயிர். ஒரு வாரம் நீர் தேங்கினாலே பப்பாளியின் அடித்தண்டு அழுகிவிடும்.

காய்கறிக்கு, பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் கருப்பு மண்ணுக்காகப் பரிந்துரைத்த அகலப்பாத்தி முறையைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். ஒரு மீட்டர் அகலப் பாத்தி, பக்கத்தில் அரை மீட்டர் சால். மழையில் சால் வடிகாலாகும், கோடையில் அதுவே நடைபாதை. சால்கள் எல்லாம் ஒரு மூலைக்குச் சாய்ந்து, அங்கிருந்து நீர் வெளியேற வழி இருக்க வேண்டும். வெளியே வழியில்லாத சாலால் ஒரு பயனும் இல்லை. தாழ்ந்த மூலையில் வெட்டிவேர் நட்டுவையுங்கள். தேங்கிய நீரையும் தாங்கும், காய்ச்சலையும் தாங்கும்.

எதை நடுவது என்பதில் மண்ணின் பேச்சைக் கேளுங்கள். அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ, சங்குப்பூ, பூவரசு, இலந்தை, நெல்லி, கொடுக்காப்புளி எல்லாம் கரிசலோடு சண்டை போடாது. மாதுளை நன்றாக வரும். ஆனால் காயவிட்டுத் திடீரென்று நீர் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். மிளகாயும் கொத்தமல்லியும் இந்த மண்ணின் பிள்ளைகள்; மழை ஓய்ந்த பனியில் கொத்தமல்லி தூவினால் மேற்கொண்டு தண்ணீர் அதிகம் கேட்காது. வேலியோரம் ஒரு வரிசை கருங்கண்ணிப் பருத்தி போட்டுப் பாருங்கள். நாட்டுப் பருத்தி அது, நெடுங்காலம் இந்தக் கரிசலில் விளைந்தது. அதன் மஞ்சள் பூவுக்கு எந்த அலங்காரச் செடியும் ஈடில்லை.

இட்லிப்பூவை வாங்காதீர்கள். அமில மண் கேட்கும் செடி அது. இங்கே நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை முழுக்க வெளுக்கும். செம்பருத்தி, மல்லிகை, கறிவேப்பிலையிலும் இளம் இலைகளில் இந்த வெளுப்பு வரும். அது இரும்புக் குறை. இரும்புச்சத்து தரும் அன்னபேதியை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இலை மேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதிய இலை பச்சையாக வரும். நீர் அதிகமாக நின்றாலும் இதே வெளுப்பு வரும் என்பதால், தெளிக்கும் முன் வடிகாலைப் பார்த்துவிடுங்கள்.

புல்தரை வேண்டும் என்றால் அருகு ஒன்றுதான் கரிசலில் தாக்குப்பிடிக்கும். அதற்கும் கோடையில் ஊற்றும் தண்ணீர் இந்தப் பக்கத்துக்குக் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. குழந்தைகள் விளையாட ஒரு சிறு துண்டு போதும்.

தண்ணீரும் கோடையும்

ஒரு மீட்டர் ஆழக் கரிசல், செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீராக ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் பிடித்துவைக்கும். அதனால் தினமும் வாளித் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட வேண்டும். வேர்பிடித்த செடிகளுக்கு எட்டுப் பத்து நாளைக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதும். மேலே காய்ந்து தெரிவதை நம்பாதீர்கள். 4 அங்குலம் தோண்டி உருண்டை பிடித்துப் பாருங்கள். சொட்டுநீர் வைத்தால் களியில் ஈரம் பக்கவாட்டில் நன்றாகப் பரவும்; சொட்டுவான்களை நெருக்கமாக வைக்கத் தேவையில்லை. குழாயால் விடுகிறவர்கள் கொஞ்சம் விட்டு, அரைமணி நேரம் கழித்து மறுபடி விடுங்கள். முதல் நனைப்பில் மேல்மண் இளகும், இரண்டாவது உள்ளே போகும்.

மூடாக்கு இல்லாமல் கரிசலில் தோட்டம் இல்லை. சோளத்தட்டை, கம்பந்தட்டை, நறுக்கிய பருத்திமார், கடலைத்தோல், வேப்பஞ்சருகு என்று எது கிடைத்தாலும் 3 அங்குலத்துக்குப் போடுங்கள். ஆடிக் காற்று மேல்மண்ணை உலர்த்துவதை இதுவே தடுக்கும். காற்றில் பறக்காமலிருக்க மேலே இரண்டு தென்னை மட்டையைக் குறுக்கே போடலாம். கரையான் வரும் என்பதால் செடித்தண்டிலிருந்து ஒரு சாண், வீட்டுச் சுவரிலிருந்து ஓரடி விலக்கிப் போடுங்கள்.

இவ்வளவு செய்தும் சித்திரையில் நடைபாதையோரமும் காம்பவுண்டு சுவரடியிலும் வெடிப்பு விழத்தான் செய்யும். அதில் ஜல்லி, உடைந்த செங்கல், சிமெண்டுக் கலவை எதையும் இட்டு அடைக்காதீர்கள். மழையில் மண் உப்பி வரும்போது மூடிக்கொள்ள இடமில்லாமல் பக்கவாட்டில் தள்ளும். சுவர் சாய்வது இதனால்தான். உலர்ந்த மக்குரத்தை உதிர்த்துத் தளர்வாக நிரப்பி, மேலே மூடாக்கை இழுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் வெடிப்பு விழாமல் எப்போதும் ஈரமாகவே இருக்கிறதா? இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, விடிந்ததும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் மண்ணின் அசைவில் எங்கோ பிவிசி இணைப்பு விட்டிருக்கிறது. அதைத் தோண்டிச் சரிசெய்யும்போது குழாயைச் சுற்றி 4 அங்குலம் மணல் இட்டுப் புதையுங்கள். மணலுக்கு இந்தத் தோட்டத்தில் உள்ள சரியான இடம் அதுதான்.